துரோகியா, சாட்சியா?

ஒரு மனிதன் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுத் தன் நாட்டைவிட்டு ஓடிப்போகிறான். போய்ச் சேர்ந்த இடமோ உண்மை பேசுவோரைச் சிறையில் தள்ளும் நாடு. அங்கேயே வீடு எடுத்து, மணம் முடித்து, பிள்ளைகளையும் பெற்று, ஈற்றில் அந்நாட்டின் கடவுச்சீட்டையும் வாங்கிக்கொள்கிறான். அப்படியானால் அவன் முதலிற் சொன்ன உண்மையின் பெறுமதி என்ன?

அன்பார்ந்த வாசகர்களே, இது கற்பனைக் கேள்வியல்ல. எட்வேர்ட் ஸ்னோடன் என்ற அமெரிக்கரின் பெயரை உங்களிற் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரை மாவீரர் என்று போற்றுவோரும் உண்டு, இராஜதுரோகி என்று தூற்றுவோரும் உண்டு. இரு சாராரும் அவசரப்பட்டுத் தீர்ப்பிடுகிறார்கள் என்பதே என் எண்ணம். ஆனாலும் தீர்ப்பிடாமலே விட்டுவிடுவதும் சரியல்ல. அரசாங்கக் கந்தோர்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள், ஆஸ்பத்திரிகளில், வங்கிகளில் பிறரின் இரகசியங்களைக் கையிலே வைத்திருப்பவர்கள் நம் குடும்பங்களில் நிறையப்பேர் இருக்கிறார்கள். அவர்கள் முன்னாலும் ஒருநாள் இக்கேள்வி வந்து நிற்கலாம்.

ஸ்னோடன் 1983 ஆம் ஆண்டு பிறந்தவர். அரச சேவையில் ஊறிய குடும்பம். தந்தையார் கரையோரக் காவற்படையில் உத்தியோகத்தர், தாயார் நீதிமன்றமொன்றிற் பணிபுரிந்தவர். மகனும் 2004 இல் இராணுவத்திற் சேர்ந்தார். பயிற்சியின்போது காலிற் காயப்பட்டு வெளியேறியபின், மத்திய புலனாய்வுத் தாபனத்திலும், பின்னர் தேசிய பாதுகாப்பு முகவரகத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் கம்பனிகளிலும் கணினி வல்லுநராகப் பணியாற்றினார். 2013 மே மாதம் 20 ஆந் திகதி ஹவாய்த் தீவிலிருந்து ஹொங்கொங்குக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது 29. அங்கே ஒரு ஹோட்டல் அறையில் பத்திரிகையாளர்களைச் சந்தித்து, தாம் எடுத்துவந்த இரகசிய ஆவணங்களை ஒப்படைத்தார். ஜூன் 5 ஆந் திகதி லண்டன் 'கார்டியன்' பத்திரிகையில் முதலாவது செய்தி வெளிவந்தது. நான்கு நாட்களின் பின், இதைச் செய்தவன் நானே என்று தம் பெயரையும் முகத்தையும் உலகுக்குக் காட்டினார்.

முதலாவது செய்தி என்ன? வெரைசன் என்ற பெரிய தொலைபேசிக் கம்பனி, தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விபரங்களை நாள்தோறும் முகவரகத்திடம் கையளிக்க வேண்டும் என்று ஓர் இரகசிய நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. குற்றஞ் செய்தவர், செய்யாதவர், சந்தேகத்துக்குரியவர், சாதாரண வீட்டுக்காரி என்ற வேறுபாடு அதில் இல்லை. எல்லாருடைய விபரமும் வேண்டும்.

பேச்சை நாங்கள் கேட்கவில்லை, யார் யாரை எப்போது எவ்வளவு நேரம் அழைத்தார் என்பதை மட்டுமே எடுக்கிறோம் என்று அரசாங்கம் சொன்னது. சொன்னது சரிதான். ஆனால் ஒரு பெண் காலையில் வைத்தியசாலைக்கும், பகலில் ஒரு சட்டத்தரணிக்கும், இரவு பதினொரு மணிக்குத் தன் பங்குக் குருவானவருக்கும் அழைப்பு எடுத்திருக்கிறாள் என்றால், அவளுடைய துயரத்தை அறிவதற்குப் பேச்சையும் கேட்க வேண்டுமா? தொலைபேசியில் ஏதோ சொல்லவந்து, "சரி, அதை நேரிலை கதைப்பம்" என்று நடுவிலே நிறுத்திக்கொள்ளும் பழக்கம் எங்கள் வீடுகளுக்குப் புதியதல்ல. காது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாழும் வாழ்வு மனிதரை எவ்வளவு சுருக்கிவிடும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்னோடன் வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்னர், 2013 மார்ச் 12 ஆந் திகதி, அமெரிக்கப் புலனாய்வுத்துறையின் தலைமைப் பணிப்பாளராயிருந்த ஜேம்ஸ் கிளப்பர் செனற் சபைக் குழுவின் முன் சாட்சியமளித்தார். கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றிய ஏதேனும் தகவலை முகவரகம் சேகரிக்கிறதா என்று செனற்றர் றொன் வைடன் நேரே கேட்டார். இல்லை, தெரிந்துகொண்டு செய்வதில்லை என்பது அவர் பதில். ஆவணங்கள் வெளிவந்தபின் அந்தப் பதில் பிழையானது என்று கடிதமெழுதி மன்னிப்புக் கேட்டார். அவர்மீது வழக்கில்லை. 2017 ஜனவரி வரை பதவியில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றார். பொய்யைச் சொன்னவருக்கு ஓய்வூதியம், அதை வெளிப்படுத்தியவருக்குப் பிடியாணை. ஸ்னோடனைத் துரோகி என்பவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்திற் பக்கமாக எழுதிப் பார்க்க வேண்டும்.

பின்னர் நடந்தவையும் பதிவில் உள்ளன. அரசாங்கமே அமைத்த சுயாதீன கண்காணிப்புச் சபை 2014 ஜனவரியில் தன் அறிக்கையைத் தந்தது. ஐக்கிய அமெரிக்காவுக்கு வரவிருந்த ஆபத்தொன்றைத் தடுக்கும் விசாரணையில் இந்தத் தொலைபேசித் திட்டம் தெளிவான பயன் தந்த ஒரு சந்தர்ப்பத்தைக்கூடத் தன்னாற் காணமுடியவில்லை என்று அது சொன்னது. 2015 மே மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று, சட்டம் இதற்கு இடமளிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே காங்கிரஸ் சபை சட்டத்தைத் திருத்தி அந்த மொத்தச் சேகரிப்பை நிறுத்தியது. 2020 இல் வேறொரு மேன்முறையீட்டு நீதிமன்றமும் அது சட்டவிரோதமானதே என்றது. ஆகவே அவர் சொன்னது வீண் கூச்சலல்ல.

ஆனால் உண்மையாக இருந்துவிட்டாற் போதுமா? இரகசியம் காப்பதாக ஒப்பமிட்டவர் அதை உடைக்கலாமா? இங்கேதான் நம் திருச்சபையின் பழைய ஒழுக்கவியல் கைகொடுக்கிறது.

குருமடத்தில் இரகசியங்களை மூன்று வகையாகப் படிப்பிப்பார்கள்: இயல்பிலேயே வெளியிடத் தகாதவை, காப்பேன் என்று வாக்குக் கொடுத்தவை, ஒருவர் நம்பி நம் கையில் ஒப்படைத்தவை. மூன்றாவதே மிகக் கடுமையான கட்டு. உத்தியோக இரகசியம் அந்த வகையைச் சேர்ந்தது. அப்படியிருந்தும் புனித தோமஸ் அக்குவினாஸ், சாட்சி சொல்லும் கடமையைப் பற்றி ஆராயுமிடத்தில் ஒரு வரம்பு வைக்கிறார். ஒப்படைக்கப்பட்ட இரகசியம் பொதுமக்களுக்குக் கேடு விளைவிப்பதாகவோ, இன்னொருவருக்குப் பாரதூரமான தீங்கு தருவதாகவோ இருந்தால், அதை மறைக்கும் கடமை விழுந்துவிடுகிறது, வெளிப்படுத்தும் கடமை எழுகிறது என்பது அவர் கருத்து. நம்பிக்கைக்குத் துரோகம் செய்யக்கூடாதுதான். ஆனால் தீமையோடு கூட்டுச் சேர்வதற்கு எந்த வாக்குறுதியும் ஒருவரைக் கட்டாது. (பாவசங்கீர்த்தன முத்திரை வேறு. அதை அவரே தனியாக எடுத்து வைத்துவிடுகிறார். ஒப்புக்கொண்டவர் அங்கே மனிதனிடம் பேசவில்லை, இறைவனிடம் பேசுகிறார். அந்த உதாரணத்தை இங்கே இழுத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

தாம் சத்தியப்பிரமாணம் செய்தது அரசியலமைப்பைக் காப்பதற்கே, இரகசியம் காப்பது வெறும் ஒப்பந்தம் என்று ஸ்னோடன் வாதிடுகிறார். சட்டத்தரணியின் பேச்சுப்போலத் தோன்றினாலும் அதில் விஷயம் இருக்கிறது. பெரிய கடமையும் சிறிய கடமையும் மோதும்போது பெரியதுக்கே வழிவிட வேண்டும்.

அப்படியானால் மேலதிகாரியிடம் முதலிற் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னேன் என்கிறார் அவர். 2014 இல் முகவரகம் வெளியிட்டதோ சட்ட விளக்கம் கேட்டு அவர் எழுதிய ஒரேயொரு மின்னஞ்சல். இதிலே யார் சொல்வது முழுமை என்று நாம் இங்கிருந்து தீர்க்க முடியாது. ஆயினும் அவருக்கு முன் அதே முகவரகத்தில் இருந்த தோமஸ் டிரேக் முதலில் உள்வழிகளில் முறையிட்டவர், பலனின்றிப் பிறகு பத்திரிகையாளரிடம் பேசியவர். 2010 இல் அவர்மீது பாரிய குற்றச்சாட்டுகள் பாய்ந்தன, மறு ஆண்டு அவை கைவிடப்பட்டன. அதற்குள் அவருடைய உத்தியோகம் போயிற்று. கதவைத் தட்டியவனின் கையை முறித்துவிட்டு, ஏன் கதவைத் தட்டவில்லை என்று அடுத்தவனைக் கேட்பது நீதியல்ல.

ஆகவே தொலைபேசித் திட்டத்தை வெளியிட்டது சரி என்றே நான் நினைக்கிறேன். சரி என்பதற்கு மேலாக, கடமை என்றுகூடச் சொல்வேன். ஆனால் அவர் கொண்டுபோனது அந்தத் திட்டத்தின் ஆவணங்களை மட்டுமல்ல. காங்கிரஸ் சபையின் புலனாய்வுக் குழு 2016 இல் தந்த கணக்கின்படி அவர் எடுத்தவை 15 இலட்சம் ஆவணங்கள், அவற்றிற் பெரும்பாலானவை தனிமனித அந்தரங்கத்தோடு சம்பந்தப்படாத பாதுகாப்பு விடயங்கள். அந்தக் குழு அவருக்கு வேண்டாத குழு என்பதால் கணக்கில் கொஞ்சம் குறைத்தே வைப்போம். எல்லாவற்றையும் பத்திரிகையாளரிடம் கொடுத்துவிட்டேன், ரஷ்யாவுக்கு ஒன்றும் கொண்டுபோகவில்லை என்று அவர் சொல்வதையும் ஏற்றுக்கொள்வோம். அப்படியும் ஒரு குறை நிற்கிறது. ஹொங்கொங்கில் இருந்தபோதே, சீனாவிலும் ஹொங்கொங்கிலும் உள்ள கணினிகளுக்குள் அமெரிக்கா ஊடுருவுவதை அங்குள்ள பத்திரிகை ஒன்றுக்குச் சொன்னார். ஓர் அரசு மற்ற அரசை ஒற்றுப் பார்ப்பது உலகம் தோன்றிய நாள்முதல் நடப்பது. யோசுவாவும் எரிக்கோவுக்கு ஒற்றரை அனுப்பினார். கட்டியை அறுக்க எடுத்த கத்தி கட்டியோடு நிற்க வேண்டும். தோமஸ் அக்குவினாஸ் தந்த அனுமதி தீமையை வெளிப்படுத்துவதற்கே ஒழிய, பெட்டகம் முழுவதையும் தெருவிலே கொட்டுவதற்கல்ல.

இந்த இடத்தில் எனக்கே ஒரு தயக்கம் உண்டு, மறைக்காமற் சொல்கிறேன். அமெரிக்காவில் நடந்த விவாதம் முழுவதும் அமெரிக்கர்களின் உரிமையைப் பற்றியது. 2015 இன் திருத்தம் காத்தது அவர்களைத்தான். மற்றச் சட்டமொன்றின் 702 ஆம் பிரிவு, அமெரிக்கருமல்லாத, அமெரிக்காவிலும் இல்லாத மக்களின் செய்திகளை ஆளுக்கொரு பிடியாணையின்றிச் சேகரிக்க இடம் கொடுத்தது. அதை 2018 இலும் 2024 இலும் காங்கிரஸ் சபை புதுப்பித்தது. அந்த வெளியாட்கள் யார்? நாங்கள்தான். ரொறன்ரோவில் இருக்கும் மகளோடு ஸ்கைப்பிற் கதைத்த சுன்னாகத்துத் தாய் அவர்களுடைய சட்டத்துக்கு வெளியே நின்றவள். பிரஜையின் அந்தரங்கம் புனிதமானது, அந்நியனின் அந்தரங்கம் திறந்த வீடு என்பதை, அயலான் யார் என்ற கேள்விக்குச் சமாரியன் கதையைப் பதிலாகக் கேட்டு வளர்ந்த நாங்கள் ஏற்கமுடியாது. வெளிநாட்டாரைப் பற்றி ஸ்னோடன் வெளியிட்டவை எல்லாமே தேவையற்றவை என்று சொல்ல என் மனச்சாட்சி இடந்தராததற்குக் காரணம் இதுவே. ஓர் அரசின் படைக் கணினியை ஊடுருவுவது ஒன்று. எல்லா மனிதரின் கடிதத்தையும் பிரிப்பது வேறொன்று.

இனி ஓடிப்போன விடயம். நல்லவன் என்றால் நின்று தண்டனையை ஏற்றிருக்க வேண்டும் என்கிறார்கள். சோக்கிரதர் நஞ்சை அருந்தினார், புனித தோமஸ் மூர் 1535 இல் தலையைக் கொடுத்தார். உண்மைதான். ஆனால் திருச்சபை ஓடியவர்களையும் பீடத்தில் ஏற்றியிருக்கிறது. சின்னப்பர் தமஸ்கு நகர மதிலிலிருந்து கூடையில் இறக்கப்பட்டுத் தப்பினார். அலெக்சாந்திரியாவின் ஆயர் புனித அத்தனாசியார் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டும் ஒளிந்தும் வாழ்ந்தவர். கோழை என்று தம்மைப் பழித்தவர்களுக்கு மறுமொழியாக, தாம் ஓடியதன் நியாயத்தை ஒரு நூலாகவே எழுதினார். இரத்தசாட்சியம் அருள்கொடை. அதை எவரிடமும் கடனாகக் கேட்டு வாங்க முடியாது.

அதோடு, நின்றிருந்தால் அவருக்குக் கிடைக்கவிருந்த வழக்கு எப்படிப்பட்டது? அவர்மீது சாட்டப்பட்ட மூன்று குற்றங்களில் இரண்டு 1917 ஆம் ஆண்டின் ஒற்றாடல் சட்டத்தின் கீழானவை. பொதுநலனுக்காகவே வெளியிட்டேன் என்று யூரிகளிடம் எடுத்துரைக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. வியட்நாம் யுத்தத்தின் இரகசிய ஆவணங்களை 1971 இல் வெளியிட்ட டானியல் எல்ஸ்பேர்க் ஓடவில்லை, நீதிமன்றத்தில் நின்றார். அரசாங்கத்தின் முறைகேடுகள் வெளிவந்ததால் 1973 இல் அவ்வழக்கு தள்ளுபடியானது. நின்று வென்ற அந்த மனிதரே 2013 இல், காலம் மாறிவிட்டது, ஸ்னோடன் போனது சரி என்று எழுதினார். அவர் 2023 இல் காலமாகும்வரை இக்கருத்தைக் கைவிடவில்லை. மறுபக்கத்தில், ஸ்னோடன்மேல் வழக்குப் பதிந்த காலத்தில் சட்டமா அதிபராயிருந்த எரிக் ஹோல்டர் 2016 இல் சொன்னது விசித்திரமானது. அவர் பொதுமக்களுக்கு ஒரு சேவை செய்திருக்கிறார், ஆனாலும் வந்து வழக்கைச் சந்திக்க வேண்டும் என்றார். வழக்காளியே சேவை என்று ஒப்புக்கொண்ட குற்றம் இது.

ஆகவே ஓடியதில் நான் குறை காணவில்லை. ஓடிச்சேர்ந்த இடத்தில் வாழ்ந்த விதமே என்னை உறுத்துகிறது.

எரேமியாஸ் இறைவாக்கினரின் வரலாற்றை வேதாகமத்தில் எடுத்து வாசித்துப் பாருங்கள். பாபிலோனியர் முற்றுகையிட்ட காலத்தில், நகரம் விழும் என்ற கசப்பான உண்மையைத் தன் மக்களுக்குச் சொன்னவர் அவர். ஒருநாள் ஜெருசலேமின் வாசலால் வெளியே போகும்போது, நீ எதிரியோடு சேரப் போகிறாய் என்று காவலன் பிடித்தான். அடித்துச் சிறையிலிட்டார்கள். பின்பு சேறு நிறைந்த கிணற்றிலும் இறக்கினார்கள். நகரம் விழுந்தபின், பாபிலோன் சேனாதிபதி அவரை விடுவித்து, என்னோடு வா, உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அழைத்தான். எதிரியின் தயவு கையெட்டும் தூரத்தில் இருந்தது. எரேமியாஸ் போகவில்லை, எஞ்சிய ஏழை மக்களோடு தங்கினார். பிற்பாடு தன் சொந்த மக்களே அவரை எகிப்துக்கு இழுத்துச் சென்றார்கள். அங்கே, அடைக்கலம் தந்த நாட்டிலே, பார்வோன் மாளிகையின் வாசலிற் கற்களைப் புதைத்து, இந்த நாட்டுக்கும் அழிவு வரும் என்றார். இடம் மாறியது, பேச்சு மாறவில்லை.

ஸ்னோடனும் ரஷ்யாவைத் தேடிப் போகவில்லை என்கிறார். தென் அமெரிக்கா போகும் வழியில், 2013 ஜூன் 23 ஆந் திகதி மொஸ்கோவில் இறங்கியவருடைய கடவுச்சீட்டை அமெரிக்கா ஏற்கெனவே ரத்துச் செய்திருந்தது. ஐந்து கிழமைக்கு மேலாக விமான நிலையத்துக்குள்ளேயே கிடந்தார். ஓகஸ்ட் முதலாந் திகதி ரஷ்யா தற்காலிகப் புகலிடம் கொடுத்தது. அவரை அங்கே மாட்டிவிட்டது வொஷிங்டன்தான், அதை மறக்கக்கூடாது. அவர் வாய்மூடி இருந்தார் என்றும் சொல்ல முடியாது. 2016 இல் ரஷ்யா கொண்டுவந்த கண்காணிப்புச் சட்டத்தை வெளிப்படையாகவே கண்டித்தார்.

ஆனால் 2022 வந்தது. உக்ரேன்மீது படையெடுப்பு வரும் என்ற அமெரிக்க எச்சரிக்கைகளை அவர் ஏளனம் செய்தார். பெப்ரவரி 24 ஆந் திகதி படையெடுப்பு வந்தே விட்டது. தம் கணிப்புப் பிழைத்ததை ஒப்புக்கொண்டார், அது நேர்மை. இந்த விடயத்தில் இனித் தாம் பேசுவதாற் பயனில்லை என்று எழுதிவிட்டு ஒதுங்கினார். இராணுவத்தைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்று ரஷ்யா சட்டமியற்றியது மார்ச் மாதத்தில். தங்கள் அரசு செய்வதைத் தங்கள் மக்களுக்குச் சொன்ன ரஷ்யர்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த ஆண்டிலேயே, செப்டெம்பர் 26 ஆந் திகதி, ஜனாதிபதி புட்டின் ஸ்னோடனுக்குப் பிரஜாவுரிமை வழங்கினார். டிசெம்பரில் அவர் விசுவாசப் பிரமாணம் செய்து கடவுச்சீட்டைப் பெற்றார். சத்தியப்பிரமாணம் யாருக்கு, எதற்கு என்ற கேள்வியிலே தம் வாழ்வு முழுவதையும் பணயம் வைத்தவர் அவர். அந்த இரண்டாவது பிரமாணத்தை வாசித்தபோது அவர் மனம் என்ன சொல்லியிருக்கும்?

மனைவியையும் பிள்ளைகளையும் பிரியாதிருக்கவே விண்ணப்பித்தேன் என்பது அவர் விளக்கம். குடும்பஸ்தர்களாகிய நீங்கள் இதை என்னைவிட நன்றாக விளங்கிக்கொள்வீர்கள். பிணையாகப் பிடிக்கப்பட்டவனின் நாவைக் குற்றஞ்சாட்ட எனக்குத் துணிவில்லை. ஆனால் பிணையாளியின் மௌனத்தை ஞானம் என்று பாராட்டுவதற்கும் நான் ஆயத்தமில்லை. 2013 இல் அவர் சொன்னது உண்மை, 2022 இன் மௌனம் அதைப் பொய்யாக்காது. அன்று சொன்ன உண்மை இன்றைய மௌனத்துக்கு மன்னிப்புச் சீட்டும் ஆகாது. ஒரே மனிதனுடைய வாழ்விலே இரண்டும் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது.

எரேமியாஸின் கதையில் நாம் அடிக்கடி மறந்துவிடும் இன்னொருவர் உண்டு. சேற்றுக் கிணற்றிலிருந்து அவரைத் தூக்கியவர் எபேத்மெலேக் என்ற எத்தியோப்பியர், அரண்மனையில் ஓர் அந்நிய ஊழியர். கயிறு அக்குளை வெட்டாதபடி பழந்துணிகளையும் சேர்த்து இறக்கினார் என்று வேதாகமம் அந்தத் துணியைக்கூட மறக்காமற் சொல்கிறது. நகரம் விழுந்தாலும் உன் உயிர் தப்பும் என்று ஆண்டவர் அவருக்கு வாக்களித்தார்.

ஹோட்டலை விட்டு வெளியேறிய ஸ்னோடன், ஹொங்கொங்கை விட்டுப் புறப்படும்வரை எங்கே ஒளிந்திருந்தார் என்பது 2016 செப்டெம்பரிலேதான் உலகுக்குத் தெரியவந்தது. அவருடைய சட்டத்தரணி அவரைத் தம்முடைய மற்றக் கட்சிக்காரரின் வீடுகளில் விட்டிருந்தார். அவர்கள் அந்த ஊரில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்துக்கிடந்த ஏழைகள். பிலிப்பைன்சைச் சேர்ந்த ஒரு தாய், இலங்கையைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும், இலங்கையிலிருந்து போன முன்னாள் படைவீரர் ஒருவர். நம் நாட்டவர்கள்! ஒண்டக்கூட இடமில்லாத வீடுகளிலே தாங்கள் படுக்கும் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். பிலிப்பைன்ஸ் தாய் தன் விருந்தாளி யாரென்று அறிந்தது, அவருக்காகவே வாங்கிவந்த பத்திரிகையின் முன்பக்கத்தைப் பார்த்துத்தான். அறிந்தபின்னும் அவள் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. இரகசியம் காப்பதாக இவர்கள் எந்தத் தாளிலும் ஒப்பமிட்டவர்களல்லர். மூன்று ஆண்டுகள் ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை.

2017 மே மாதத்தில் ஹொங்கொங் குடிவரவுத் திணைக்களம் இவர்களுடைய விண்ணப்பங்களை நிராகரித்தது. மொஸ்கோவிலிருந்து ஸ்னோடன் இவர்களுக்காகக் குரல் கொடுத்தார், அதற்கு மேல் அவரால் முடிந்தது அதிகமில்லை. பிலிப்பைன்ஸ் தாயும் மகளும் 2019 மார்ச்சில் கனடா போய்ச் சேர்ந்தார்கள். இலங்கைத் தம்பதிகள் தங்கள் இரு பிள்ளைகளோடு மொன்றியலில் இறங்கியது 2021 செப்டெம்பரில். ஸ்னோடனுக்குக் கதவைத் திறந்து எட்டு ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகியிருந்தன. அவர்களோடு விண்ணப்பித்த அந்த முன்னாள் படைவீரர் விமானத்தில் இல்லை. அவர் ஹொங்கொங்கிலேயே நின்றார்.